ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பார்பரா

ஜூலை 12, சனி

வரும் புதன்கிழமை பழைய ஹாலிவுட் நடிகை பார்பரா ஸ்டான்விக்கின் பிறந்தநாள். வருஷா வருஷம் இந்த வாரம் முழுக்க அவர் நடித்த படங்களைத்தான் பார்ப்பேன். இந்தமுறை பார்த்ததை அன்றன்றைக்கே எழுதி வைக்கிறேன்.

இன்று 'ஸ்டெல்லா டல்லாஸ்' (1937). அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது, நடுநடுவே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சிக்கு அது தேவைப்படவில்லை. மகள் நல்ல இடத்தில் வாழட்டும் என்று தானே விலகிப்போன தாய், அந்த மகளின் கல்யாணத்தைத் தெருவில் மழையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். போலீஸ்காரர் கூட்டத்தைக் கலைக்கிறார். மாப்பிள்ளை முத்தமிடும்போது பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று கெஞ்சுகிறாள். "அந்த ஆளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுடி" என்றாள் அம்மா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பார்த்து முடித்ததும் ஸ்டெல்லா திரும்பி நம்மை நோக்கி நடந்து வருகிறாள். கைக்குட்டையின் முனை பல்லில். கண் நிறைய நீர், முகம் நிறையச் சிரிப்பு. நடை வேகமாகிக்கொண்டே வருகிறது. அந்த வருஷம் ஆஸ்கர் 'தி குட் எர்த்' படத்துக்காக லூயிஸ் ரைனருக்குப் போனது. என் மனசு இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இன்று படம் பார்க்கவில்லை. அந்த ஜன்னலே மனசில் நின்றது.

பார்பராவின் சொந்தப் பெயர் ரூபி ஸ்டீவன்ஸ். 1907இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். நாலு வயதில், குடிகாரன் ஒருவன் தள்ளிவிட்டதில் டிராம் வண்டியிலிருந்து விழுந்து தாய் இறந்துபோனார். தகப்பன் பனாமா கால்வாய் வேலைக்குப் போனவர், போனவர்தான். குழந்தை வளர்ந்தது ஊரார் வீடுகளில், வீடு மாற்றி வீடு. பதின்வயதிலேயே மேடையில் ஆட வந்துவிட்டார். அடுத்தவர் வீட்டு வெளிச்சத்தை வெளியே நின்று பார்ப்பது எப்படி என்று அவருக்கு எந்த இயக்குநரும் சொல்லித்தந்திருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

'தி லேடி ஈவ்' (1941). கப்பலின் சாப்பாட்டுக்கூடம். ஹென்றி ஃபோண்டா தனியாகப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பணக்காரப் பையனைப் பிடிக்க ஒவ்வொரு பெண்ணும் படும் பாட்டை, பார்பரா தன் கைக்கண்ணாடியில் பார்த்து வர்ணனை சொல்லிக்கொண்டே போகிறார். நாமும் அந்தக் குட்டிக் கண்ணாடிக்குள்தான் எல்லாவற்றையும் பார்க்கிறோம். கடைசியில் அவன் எழுந்து கடந்து போகும்போது காலை நீட்டுகிறார். தடால்! சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

இயக்குநர் பில்லி வைல்டரின் 'டபுள் இண்டெம்னிட்டி' (1944). இன்ஷூரன்ஸ் பணத்துக்காகக் கணவனைக் கொல்லும் மனைவி. இந்த வேஷத்தை ஏற்க முதலில் அவர் பயந்தாராம். "நீ எலியா, நடிகையா?" என்று வைல்டர் கேட்டிருக்கிறார். பின்னாளில் இதைப் பார்பராவே சொல்லியிருக்கிறார்.

காருக்குள் கொலை நடக்கும் இடத்தை மட்டும் நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டேன். ஸ்டீயரிங்கில் அவர், பக்கத்தில் கணவன், பின்னால் ஒளிந்திருக்கும் காதலன் ஃபிரெட் மக்மரே. இருட்டான தெருவுக்குள் காரைத் திருப்பி மூன்று முறை ஹார்ன் அடிக்கிறார், அதுதான் சமிக்ஞை. கணவனின் திணறல் காதில் விழுகிறது. ஆனால் கேமரா பார்பராவின் முகத்தை விட்டு அசைவதில்லை. அன்றைய தணிக்கை விதிகள் கொலையை விரிவாகக் காட்ட விடாது. காட்டியிருந்தாலும் இந்த அளவுக்கு நடுங்கியிருக்க மாட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேரே தெருவைப் பார்க்கும் அந்தக் கண்ணில் மட்டும், ஏதோ கைக்கு வந்து சேர்ந்த மாதிரி ஒரு பளபளப்பு.

ஜன்னல், கைக்கண்ணாடி, கார்க் கண்ணாடி. மூன்று படத்திலும் என்னை அடித்துப்போட்டது அவர் பேசிய வசனமல்ல, அவர் பார்க்கும் பார்வை. இத்தனை வருஷம் பார்த்தும் இன்றைக்குத்தான் இது பிடிபட்டது.

ஜூலை 16, புதன்

பிறந்தநாள்.

இன்று படம் இல்லாமல் 1978 ஆஸ்கர் விழாத் துண்டு ஒன்றைத்தான் முதலில் பார்த்தேன். ஒலிப்பதிவு விருதைக் கொடுக்க அவரும் நடிகர் வில்லியம் ஹோல்டனும் மேடைக்கு வருகிறார்கள். ஹோல்டன் திடீரென்று எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு வேறு பேச ஆரம்பிக்கிறார். 1939இல் 'கோல்டன் பாய்' படத்தில் அவர் புதுமுகம். சரியாக வரவில்லை என்று படத்திலிருந்து நீக்கவே இருந்தார்கள். பெரிய நட்சத்திரமான பார்பரா விடவில்லை. ஷூட்டிங் முடிந்ததும் உட்காரவைத்து அடுத்த நாள் வசனத்துக்கு ஒத்திகை பார்த்தார். அந்தப் பெருந்தன்மையால்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன் என்கிறார் ஹோல்டன். இதை அவர் சொல்லும்போது பார்பராவைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றுமே எதிர்பார்க்காத முகம் அது. மறுகணம் அவரைக் கட்டிக்கொள்கிறார்.

நாலு தடவை ஆஸ்கருக்குப் பரிந்துரையாகி, நாலு தடவையும் வெறுங்கையோடு போனவர். 1982இல்தான் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அதற்குச் சில மாதம் முன்னால், 1981 நவம்பரில், ஹோல்டன் இறந்துவிட்டிருந்தார். சிலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பெயரைத்தான் சொன்னார் பார்பரா. எனக்கு ஆஸ்கர் கிடைக்க வேண்டும் என்று அவருக்கு எப்போதும் ஆசை, என் தங்கப் பையா ('கோல்டன் பாய்'), உன் ஆசை நிறைவேறிவிட்டது என்றார். குரல் உடைந்துவிட்டது.

அம்மா இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்துகொண்டிருக்கிறாள். 'கோல்டன் பாய்' போடப் போகிறேன்.