நாற்பதைத் தாண்டி கம்யூனிட்டி காலேஜ்: கலிஃபோர்னியாவில் சேர்ந்த கதை

கம்யூனிட்டி காலேஜில் சேரலாமா, எங்கே தொடங்குவது என்று அக்கா தங்கைகள் யாராவது மாதத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி மாளவில்லை, மொத்தமாக எழுதிவிடுகிறேன். என் கதை எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. நாங்கள் ஐடி வேலையில் வந்தவர்கள் இல்லை. என் நாத்தனார் தன் தம்பிக்காகப் போட்ட மனு பதினைந்து வருடத்துக்கு மேல் வரிசையில் கிடந்து, 2022-ல்தான் கிரீன் கார்டு கைக்கு வந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குப் பக்கம் வாடகை வீடு, கணவருக்கு ஒரு கிடங்கில் வேலை, எனக்கு இந்திய மளிகைக் கடையில் பகுதி நேரமாகக் கல்லாவில் நிற்கிற வேலை. திருநெல்வேலியில் பி.காம். இரண்டாம் வருடத்தோடு நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். பட்டம் வாங்காமல் போனது இங்கே எனக்கு லாபமாக முடிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் இரண்டு வருடப் படிப்புக்கான அரசுக் கல்லூரி, கலிஃபோர்னியாவில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. பதினெட்டு வயது ஆகிவிட்டால் யார் வேண்டுமானாலும் சேரலாம், கட் ஆஃப் கிடையாது, நன்கொடை கிடையாது. மாநிலத்தில் வசிப்பவர் என்றால் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) 46 டாலர், 2012-லிருந்து அதே கட்டணம்தான். ஒரு பாடம் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு யூனிட் வரும். விண்ணப்பம் இணையத்தில், சிசிசி அப்ளை என்ற ஒரே தளத்தில், அதற்குக் காசு இல்லை. இதுவரை கேட்டால் எவ்வளவு சுலபம் என்று தோன்றும். விண்ணப்பம் சுலபம்தான், அதற்குப் பிறகு வருகிறவைதான் ஆளை ஓட வைக்கும்.

எனக்கு முதல் அடி ரெசிடென்சியில், அதாவது இந்த மாநிலத்தில் வசிப்பவர்தான் என்று நிரூபிப்பதில். விண்ணப்பம் போட்டு வந்த பதிலில் என்னை 'மாநிலத்துக்கு வெளியே' என்று போட்டிருந்தார்கள். அப்படியென்றால் யூனிட்டுக்கு முந்நூறு டாலருக்கு மேல், நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. விதி என்னவோ எளிமையானது: வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாளோடு ஒரு வருடமும் ஒரு நாளும் கலிஃபோர்னியாவில் இருந்திருக்க வேண்டும், இங்கேயே வாழப்போகிறோம் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். நான் வந்து ஒரு வருடம் எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் ஆதாரம் என்று தேடினால் வீட்டில் என் பெயரில் ஒன்றுமே இல்லை. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், கரண்ட் பில் அவர் பெயரில், போன் அவர் பெயரில், கார் இன்ஷூரன்ஸில் மட்டும் இரண்டாவது ஓட்டுநராக நான். ஊரில் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று போட்டோவாவது இருந்தது! கடைசியில் கணவரோடு சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரிப் படிவம், டிரைவிங் லைசென்ஸ், மளிகைக் கடைச் சம்பளச் சீட்டு மூன்றையும் கொடுத்த பிறகு மாற்றினார்கள். வேலையும் லைசென்ஸும் இல்லாத ஒருத்தி என்ன செய்திருப்பாள் என்று இப்போதும் யோசிப்பேன். பேங்க் அக்கவுண்டில் இரண்டாவது பெயராகவாவது சேர்ந்துகொள்ளுங்கள், இந்தப் பதிவில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்தது பெயர். இது நம்ம ஊர்க்காரர்களுக்கென்றே வருகிற தலைவலி. பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழில் அப்பாவின் இனிஷியலோடு என் பெயர், பாஸ்போர்ட்டிலும் கிரீன் கார்டிலும் கணவர் பெயர் குடும்பப் பெயராக. என் தோழி ஒருத்திக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்ததால் அமெரிக்க ஆவணத்தில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று விழுந்து, கல்லூரி மின்னஞ்சல் முகவரி வரைக்கும் அந்தப் பெயரிலேயே வந்தது. வாத்தியார் வருகை எடுக்கும்போது ஃப்னு, ஃப்னு என்று கூப்பிடுவாராம். ஒன்று சொல்கிறேன், எந்தப் படிவமானாலும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள், ஏனென்றால் நிதி உதவிக்கு அரசாங்கம் ஒப்பிட்டுப் பார்ப்பது அதோடுதான்.

நிதி உதவிக்கு ஃபாஃப்சா என்ற படிவம். கிரீன் கார்டு இருந்தால் போடலாம். நான் போட்டது 2024-25க்கு, அந்த வருடம்தான் படிவத்தை அடியோடு மாற்றினார்கள், வழக்கமாக அக்டோபரில் திறப்பது 2023 டிசம்பர் கடைசியில் திறந்து, தகவல்கள் கல்லூரிகளுக்குப் போய்ச் சேரவே மார்ச் ஆனது. எல்லோரையும் அலைக்கழித்த வருடம். கணவரோடு சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்ததால் அவருடைய கையெழுத்து தனியாகத் தேவைப்படவில்லை, அந்த மட்டில் நிம்மதி. அப்புறம் 'சரிபார்ப்பு'க்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள், பள்ளி முடித்ததற்குச் சான்று கேட்டார்கள், மேலே சொன்ன இனிஷியல் பஞ்சாயத்து இங்கேதான் வெடித்தது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, திருமணச் சான்றிதழையும் வைத்தேன்.

பட்டம் இல்லாதது லாபம் என்றேனே, அது இதுதான்: பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை, அந்த வருடம் அதிகபட்சம் 7,395 டாலர், ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் வாங்கியவர்களுக்குக் கிடையாது, அந்தப் பட்டம் இந்தியாவில் வாங்கியதாக இருந்தாலும். பி.இ. முடித்துவிட்டு இங்கே வந்து மறுபடி படிக்கிற பெண்கள் இதைத் தெரியாமல் ஃபாஃப்சா போட்டு ஏமாறுகிறார்கள். ஆனால் அவர்களுக்கும் வேறொரு வழி உண்டு. மாநில அரசின் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் என்ற கட்டணச் சலுகையில் பட்டம் ஒரு தடை இல்லை, வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், தகுதி இருந்தால் அந்த 46 டாலரே தள்ளுபடி. உதவித்தொகை வாங்கினால் கிரீன் கார்டுக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் ஒரு பூச்சாண்டி சுற்றும். நிதி உதவி அலுவலகத்திலேயே நேராகக் கேட்டேன், படிப்புக்கான பெல் கிராண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள்.

இவ்வளவும் முடிந்து வகுப்புகளைப் பதிவு செய்தால், கட்டணச் சலுகை கணினியில் ஏறுவதற்குள் பணம் கட்டவில்லை என்று அக்கவுண்டிங் வகுப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஒரு கவுண்டரில் கேட்டால் அடுத்த கவுண்டர், அங்கே கேட்டால் மின்னஞ்சல் போடு. ஆத்திரமாக வந்தது. யாரும் கடுமையாகப் பேசவில்லை, எல்லோரும் இனிமையாகத்தான் திருப்பி அனுப்பினார்கள். உதவிகள் எல்லாம் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கின்றன, ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் ஜன்னலுக்குள் நடப்பது மட்டும்தான் தெரியும், மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் கிடைக்கிற வரைக்கும் நாம்தான் பந்தாக உருள வேண்டும்.

அந்த ஆள் எனக்கு இஓபிஎஸ் அலுவலகத்தில் கிடைத்தார். 1969-லிருந்து கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் இருக்கிற திட்டம் இது, வசதி குறைந்த, படிப்பில் பின்தங்க வாய்ப்புள்ள மாணவர்களுக்கானது. தள்ளுபடி கேட்டு வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்ற பையன், என் மகன் வயதுதான் இருக்கும், நீங்கள் இதில் சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்டான். எனக்கெல்லாம் கிடைக்குமா என்று இழுத்தேன். படிவத்தை வாங்கிப் பார்த்தால், வீட்டில் பேசும் மொழி ஆங்கிலம் இல்லையா என்று ஒரு கேள்வி, அதுவே தகுதிகளில் ஒன்று! பெற்றோர் கல்லூரிப் பட்டம் வாங்காதவர்களா, அதுவும் ஒன்று. வருமான வரம்பு ஏற்கெனவே சரியாக இருந்தது. இன்னொரு நிபந்தனை, முழுநேரமாக 12 யூனிட் எடுக்க வேண்டும். கடையில் முதலாளியம்மாவிடம் பேசி வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டேன், சம்பளம் குறைந்தது, வீட்டில் அதற்காக ஒரு வாரம் முகம் தூக்கல். சரி, சமாளித்தோம்.

புத்தகத்துக்குப் பணம், மற்றவர்களுக்கு முன்னால் வகுப்பைப் பதிவு செய்துகொள்ளும் உரிமை, இரண்டும் கிடைத்தன. மாலை நேர அக்கவுண்டிங் வகுப்பு ஒன்றுதான் இருக்கும், அது நிறைந்துவிட்டால் அரை வருடம் போச்சு, அதனால் முதலில் பதிவு செய்கிற உரிமை சின்ன விஷயம் இல்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. செமஸ்டருக்கு மூன்று தடவை கவுன்சிலரை, அதாவது படிப்பு ஆலோசகரை, பார்த்தே ஆக வேண்டும், பார்க்காவிட்டால் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது சொல்கிறேன், அந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் நான் அந்தப் படியை மிதித்திருக்கவே மாட்டேன். நம் வளர்ப்பு அப்படி. பிரச்சினை முற்றி வீதிக்கு வந்த பிறகுதான் ஒருவரிடம் வாய் திறப்போம், அதுவும் 'சும்மா கேட்டேன்' என்று தொடங்குவோம். போயே ஆக வேண்டும் என்று இருந்தால் கேட்கிற கூச்சம் பாதி போய்விடுகிறது, ஏனென்றால் கேட்பதற்காக நான் போகவில்லை, வரச் சொன்னார்கள், போனேன்.

முதல் சந்திப்பில் அவர் முழுப் படிப்புக்கும் திட்டம் போட்டுக் கொடுத்தார், எந்த செமஸ்டரில் எந்தப் பாடம், எதை முடித்தால் எது திறக்கும் என்று ஒரே தாளில். இங்கே கிடைக்கும் இரண்டு வருடப் பட்டமான அசோசியேட் பட்டத்துக்கு 60 யூனிட். அக்கவுண்டிங்கிலிருந்து என்னை வெளியே தள்ளிய விஷயத்தை அவரே தொலைபேசியில் பேசி, நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே முடித்துவிட்டார். நான் நான்கு ஜன்னலில் கேட்டு நடக்காதது.

ஆங்கிலம் பற்றித்தான் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. முன்பெல்லாம் நுழைவுச் சோதனை வைத்து, தேறாதவர்களை அடிப்படை வகுப்பில் போடுவார்களாம், பலர் அதிலேயே வருடக்கணக்கில் சிக்கிப் படிப்பையே விட்டுவிடுவார்களாம். 2017-ல் ஏபி 705 என்று ஒரு சட்டம் வந்து அதை மாற்றியது, இப்போது நேராகப் பல்கலைக்கழகத் தர ஆங்கில வகுப்பில் உட்காரலாம், கூடவே துணை வகுப்பும் எடுத்துக்கொள்ளலாம். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல் எழுதியிராத என்னைப் போன்றவளிடம், இலவசமாக நடக்கும் யூனிட் இல்லாத ஆங்கில வகுப்புகளும் இதே கல்லூரியில் உண்டு என்பதை யாராவது கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னார்கள், போகிற போக்கில்.

விளைவு, முதல் கட்டுரைக்கு மிகக் குறைந்த மதிப்பெண். அடுத்த வாரமே கல்லூரியிலிருந்து போன். வாத்தியார் கணினியில் 'இவர் தடுமாறுகிறார்' என்று குறித்துவிட்டால் மாணவர் சேவைப் பிரிவுக்குத் தகவல் போய்விடுமாம். பள்ளிக்கூடத்தில் ரேங்க் கார்டில் சிவப்பு மையால் கோடு போட்டு அப்பாவைக் கூட்டி வரச் சொன்னதுபோல் இருந்தது எனக்கு. ஆனால் பேசிய பெண் திட்டவில்லை, எழுத்துப் பயிற்சி மையத்தில் அந்த வாரமே நேரம் பதிவு செய்து கொடுத்துவிட்டுத்தான் வைத்தாள்.

அந்த மையத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: போனால் தப்பைத் திருத்தித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்குக் கிடைத்த டியூட்டர் பேனாவையே தொடவில்லை. இந்தப் பத்தியில் என்ன சொல்ல வருகிறீர்கள், இதற்கு ஆதாரம் கட்டுரையில் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மனப்பாடம் செய்த பொன்மொழியில் தொடங்கி, 'எனவே' என்று முடிக்கிற நம் பள்ளிக் கட்டுரை வடிவம் இங்கே செல்லாது என்று புரிய எனக்கு அரை செமஸ்டர் ஆனது. 'பி' வாங்கித் தேறினேன். அதற்கு அந்த டியூட்டரும் ஒரு காரணம். அவரும் பையன்தான், பேரப்பிள்ளை வயது என்று சொல்ல முடியாது, மகன் வயது. இங்கே எல்லோருமே என் மகன் வயது.

இந்தக் கட்டாயச் சந்திப்பு எனக்கு மட்டும் உதவிய விஷயமா என்று பிறகு தேடிப் படித்தேன். நியூயார்க்கில் சியூஎன்ஒய் பல்கலைக்கழகம் 2007-ல் ஏசாப் என்று ஒன்றைத் தொடங்கியது: முழுநேரப் படிப்பு, புத்தக உதவி, பஸ்ஸுக்கும் சப்வேக்கும் மெட்ரோ கார்டு, ஆலோசகரை அடிக்கடி பார்த்தாக வேண்டும் என்ற நிபந்தனை. அதை எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்துப் பார்த்தது. மூன்று வருடத்தில் பட்டம் முடித்தவர்கள் வழக்கமான குழுவில் சுமார் 22 சதவீதம், ஏசாப் குழுவில் 40. பணமும் புத்தகமும்கூடக் காரணம்தான், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் யார். ஆனால் மெட்ரோ கார்டு கொடுத்து ஆலோசகர் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தவர்களுக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. பாடநேரப் பட்டியலில் புத்தகச் செலவு இல்லாத வகுப்புகளுக்குத் தனி அடையாளம் போட வேண்டும் என்பது இங்கே சட்டம், 2018-லிருந்து இருக்கிறது, பதிவு செய்யும்போது அதைத் தேடுங்கள். நூலகத்தில் லேப்டாப் கடனாகத் தருவார்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் அடிப்படைத் தேவைகள் மையம் இருக்கும், பெரும்பாலும் அங்கேயே அரிசி, பருப்பு, காய்கறி கொடுக்கிற இடமும். முதல் தடவை தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெளியே சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே போனால் எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருகிற பெண் கொத்துமல்லி எடுத்துக்கொண்டிருந்தாள். இருவருமே நலம் விசாரித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

பாடத்தை நடுவில் விடுவது பற்றி மட்டும் கவனம். எடுத்த யூனிட்டுகளில் மூன்றில் இரண்டு பங்காவது முடிக்க வேண்டும், மதிப்பெண் சராசரி நான்குக்கு 2.0-க்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் நிதி உதவி நின்றுவிடும். செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டுவதற்குள் எல்லா வகுப்பையும் விட்டுவிட்டால் வாங்கிய பெல் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். விடுவதென்றால் கவுன்சிலரிடம் சொல்லிவிட்டு விடுங்கள்.

ஆகஸ்டில் சேர நினைப்பவர்கள் ஃபாஃப்சாவை அதற்கு முந்தைய அக்டோபரில் திறந்தவுடன் போடுங்கள். மாநிலம் தரும் 'கால் கிராண்ட்' (Cal Grant) என்ற உதவித்தொகைக்கு வழக்கமான கெடு மார்ச் 2, தவறவிட்டால் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு மட்டும் செப்டம்பர் 2 வரை இன்னொரு வாய்ப்பு உண்டு. கல்லூரி விண்ணப்பம் போட்டு மாணவர் எண் வந்த அன்றே இஓபிஎஸ் படிவத்தையும் போட்டுவிடுங்கள், இடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். பதிவு தொடங்கும் வாரத்தில் கவுன்சிலர் நேரம் கிடைக்கவே கிடைக்காது, வசந்தகால செமஸ்டர் நடக்கும்போதே, ஏப்ரல் வாக்கில், போய்ப் பார்த்துவிடுங்கள். போகும்போது பழைய மதிப்பெண் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், உங்கள் பெயர் உள்ள ஏதாவது ஒரு பில், மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.