ஏழாம் கிணற்றின் ஓதம்

"எழுதிட்டீயளா தம்பி?" என்று அவர் கேட்டபோது, "எழுதிக்கிட்டேன் அண்ணாச்சி" என்று நான் சொன்னது பொய்யில்லை. களக் குறிப்பேட்டில் அது அப்படியே இருக்கிறது: ஆலைக்குள்ளிருந்து கடல்சுவர் வரை ஆள் குனிந்து போகும் அளவில் ஒரு செங்கல் கால்வாய் உண்டு, ஆலையை மூடியபோது ஆலைப் பக்கத்து வாயை மட்டும் அடைத்தார்கள், மற்றது மண்ணுக்கடியில் கிடக்கிறது. துளை போடும் ஆட்களோடு வந்திருந்த அவர், இளவயதில் அதே ஆலையில் கூலிவேலை பார்த்த தாராவிக்காரர். நிலத்தடி நீரில் கலந்த மாசு எந்தப் பக்கம் நகரும் என்று கணிக்க நாங்கள் செய்த கணினி மாதிரியில் அந்தக் கால்வாய் இல்லை, அறிக்கையிலும் இல்லை.

மும்பையின் கிழக்குக் கரையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலே கொட்டி நிரப்பிய மண், அதன் கீழே கடற்சேறு, அதற்கும் கீழே சிதைந்த பசால்ட் எரிமலைப் பாறை. பெரிய ஓத நாட்களில், அதாவது கடலின் ஏற்றவற்றம் மிகும் நாட்களில், கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கினாலும், நிரப்பு மண்ணில் அந்த அசைவு கரையிலிருந்து சில பத்து மீட்டருக்குள் அடங்கிவிட வேண்டும். எங்கள் ஏழாம் கிணறு 120 மீட்டர் உள்ளே இருந்தது; அதில் ஒவ்வோர் ஓதத்துக்கும் ஒரு சாண் அளவு நீர் ஏறி இறங்கியது.

அந்தக் கிணறு சேற்றைத் தாண்டிப் பாறையின் தலைப்பு வரை இறங்கியிருந்ததால் இரண்டு விளக்கங்கள் பொருந்தின. சேற்றால் மூடப்பட்ட பாறையில் ஓதத்தின் அழுத்தம் வெகுதூரம் பரவும். ஆனால் அழுத்தம் வந்துவிட்டது என்பதால் நீரும் வந்துவிட்டது என்று ஆகாது, அதில் கரைந்திருக்கும் பென்சீன் என்ற நச்சும் அந்த வேகத்தில் நகராது. கால்வாய் என்றாலோ நீரே வந்து போகிறது, பல ஆண்டுகள் ஆக வேண்டிய பயணம் சில நாட்களில் முடிந்துவிடும். நான் முதல் விளக்கத்தை எடுத்துக்கொண்டேன். பாறையின் நீர் கடத்தும் திறனைச் சற்று உயர்த்தியதும், கணித்த நீர்மட்டக் கோடு அளந்த கோட்டின் மேல் அழகாகப் படிந்தது. ஒரே நீர்மட்டத்தை வெவ்வேறு நிலத்தடி அமைப்புகள் தரக்கூடும் என்பது இத்துறையின் பாலபாடம். அது தெரிந்திருந்தும், அந்தப் பொருத்தத்தைக் கண்டபோது மனம் நிம்மதி அடைந்துவிட்டது.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு என்றே இப்போதும் நினைக்கிறேன். எந்த வரைபடத்திலும் அந்தக் கால்வாய் இல்லை. மேலாளரிடம் சொன்னபோது அவர், "ஆதாரம் இருந்தா போடுங்க, இல்லன்னா நம்மளால பதில் சொல்ல முடியாது" என்றார். அது தவறான பேச்சும் அல்ல. கேட்டதையெல்லாம் மாதிரியில் சேர்த்தால் மாதிரி என்ற ஒன்றே மிஞ்சாது. ஆனால் இந்த நியாயத்தை எவ்வளவு நேர்த்தியாக அடுக்கினாலும் ஓர் இடத்தில் அது உடைகிறது. நீர் உண்மையிலேயே கடலிலிருந்து வருகிறதென்றால், ஓதம் ஏறும்போது உப்பு சேர்ந்து கிணற்று நீரின் மின்கடத்துத்திறனும் கூட வேண்டும். அதைப் பதிவு செய்யும் கருவியை ஏழாம் கிணற்றில் 15 நாட்கள் தொங்கவிட்டிருந்தால், பெரிய ஓதமும் சிறிய ஓதமும் கடந்து போயிருக்கும், கேள்விக்கும் பெரும்பாலும் பதில் கிடைத்திருக்கும். நான் கடல் இறங்கியிருந்த வற்றத்தின்போது ஒரே ஒருமுறை நீர் எடுத்து அளந்ததோடு நிறுத்திக்கொண்டேன். இதை மேலாளரிடம் நான் சொல்லவில்லை. அவர் ஆதாரம் கேட்டார். ஆதாரத்தைத் தேடும் வழி எனக்குத் தெரிந்திருந்தது.

மூன்று ஆண்டுகளாகக் கண்காணிப்புக் கிணறுகளின் முடிவுகள் சுத்தமாகவே வருகின்றன. என் கணிப்பு சரி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் அந்தக் கிணறுகளின் இடத்தைத் தீர்மானித்ததே என் மாதிரிதான். அண்ணாச்சி கைநீட்டிக் காட்டிய கோட்டில் ஒரு கிணறுகூட இல்லை.

அடுத்த ஆண்டு அங்கே அடித்தளத்துக்குக் குழி தோண்டுகிறார்கள். குழியிலிருந்து நீரை இறைக்கத் தொடங்கினால், எந்தத் திசையில் எது ஓடும் என்ற கணக்கே மாறிவிடும். அந்தக் கோட்டில் இன்னொரு கிணறு வேண்டும் என்று போன மாதம் எழுதினேன். புதிய தகவல் ஏதேனும் கிடைத்திருக்கிறதா என்று பதில் வந்தது. குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். மூன்றாண்டுகளுக்கு முந்தைய தேதி அதன் மேல் என் கையெழுத்திலேயே இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.