கீமோவுக்கு முன் ஒரு மரபணுப் பரிசோதனை

என் தங்கைக்கு இருமல் விடாமல் நீடித்து, நெஞ்சில் நீர் கோத்தபோது, முதலில் பார்த்த மருத்துவர் அதைக் காசநோய் என்றே கருதினார்; சளியில் கிருமி தென்படாதபோதும் மாத்திரைகள் தொடங்கப்பட்டன. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், புகைப்பழக்கமே இல்லாத, நாற்பதை எட்டாத ஒரு பெண்ணுக்கு நுரையீரல் புற்றுநோய் இருக்கலாம் என்று எளிதில் எவருக்கும் தோன்றுவதில்லை. எடுத்த நீர் மீண்டும் மீண்டும் சேர்ந்த பிறகே பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனை) செய்தார்கள். நான்காம் நிலை, அதாவது பரவிவிட்ட நிலையிலுள்ள, அடினோகார்சினோமா என்னும் நுரையீரல் புற்றுநோய் வகை என்று முடிவு வந்தது.

புற்றுநோய் மருத்துவர் கீமோவைத் தொடங்காமல், மரபணுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கச் சொன்னார். பயாப்ஸியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் ‘பிளாக்’ முதல் ஆய்வகத்திலேயே இருந்தது. மருத்துவரின் கடிதத்தைக் காட்டி, கையெழுத்திட்டு வாங்கி, அடுத்த ஆய்வகத்தில் சேர்ப்பது எங்கள் பொறுப்பாயிற்று. அந்தச் சிறு மெழுகுத் துண்டில்தான் சிகிச்சையின் திசையே அடங்கியிருந்தது. ஏஎல்கே பாசிட்டிவ் என்றது அறிக்கை.

அடினோகார்சினோமாவும் அடங்கிய ‘சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோய்’ என்ற பெரும்பிரிவு நோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கே இவ்வகை வருகிறது. ஏஎல்கே மரபணு வேறொரு மரபணுவோடு தவறாக இணைந்து, செல்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. ஜப்பானில் ஹிரோயுகி மானோவின் குழு 2007இல் இதை நுரையீரல் புற்றுநோயில் கண்டறிந்தது. நான்கே ஆண்டுகளில், 2011இல், இதன் செயலைத் தடுக்கும் கிரிசோடினிப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தங்கைக்குக் கிடைத்தது அதற்குப் பின் வந்த அலெக்டினிப்: காலையில் நான்கு கேப்சூல், இரவில் நான்கு, உணவோடு. இந்நோய் மூளைக்குப் பரவுவது அதிகம். அங்கும் வேலை செய்யும் மருந்து என்பதால் மருத்துவர் இதைத் தேர்ந்தெடுத்தார். மலச்சிக்கலும் தசைவலியும் வந்தன. ஆனால் இருமல் அடங்கி, அவள் மீண்டும் மாடிப்படி ஏறினாள். விலையோ எங்கள் சக்திக்கு மீறியது. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் வழிகாட்டியதால், மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டத்தில் விண்ணப்பித்துப் பெற்றோம்.

இப்போது இதே நோயுள்ள குடும்பங்களுடன் நாங்கள் இருவரும் பேசிவருகிறோம். தாய்மார்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “என் பிள்ளைகளுக்கும் வருமா?” என்பதுதான். இந்த மாற்றம் பிறப்பிலேயே வருவதன்று, புற்றுச் செல்களில் மட்டுமே உண்டாவது என்று தங்கையே அவர்களுக்கு விளக்குகிறாள். “சிகரெட் பிடிப்பாரா?” என்று உறவினர்கள் கேட்பது நோயாளியை எவ்வளவு குன்றச் செய்கிறது என்பதையும் அவளே சொல்கிறாள். நான் சொல்வது நடைமுறை சார்ந்தது: பிளாக் எங்கே இருக்கிறதென்று இன்றே விசாரியுங்கள், ஏஎல்கே பரிசோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள், காத்திருக்க முடியாத உடல்நிலை என்றால், கீமோ நடக்கும்போதே முடிவு வர ஏற்பாடு உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.