பாவம் என்று சொல்லப் போய்

ஹாங்சோவில் எனக்கு அது முதல் குளிர்காலம். சீனாவில் சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே இருக்கிற ஊர்களில்தான் பொது ஏற்பாடாக வீடுகளுக்கு வெப்பம் வரும். ஹாங்சோ தெற்கே. வீட்டுக்குள்ளேயே விரல் விறைக்கும்.

தெருமுனையில் ஒரு அம்மா விடிவதற்குள் பாவ்சு, அதாவது உள்ளே பூரணம் வைத்த மாவு உருண்டை, அவித்து விற்பார். எல்லோருக்கும் அவர் ‘ஆயி’. சீனத்தில் அது சித்தி, அத்தை மாதிரி. எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் பாட்டியை அப்படிக் கூப்பிடுவோம் என்பதால் முதல் நாளே வாயில் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் பையை நீட்டும்போது அவர் கையைப் பார்த்தேன். விரல் மடிப்புகளில் வெடிப்பு. இரண்டு விரலில் பிளாஸ்திரி, அதுவும் ஈரத்தில் நைந்துபோயிருந்தது. ஐயோ பாவம் என்று மனசு அடித்துக்கொண்டது. பாவத்துக்கு நான் படித்து வைத்திருந்த சொல் ‘கெலியென்’. சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. “நான் ஒன்றும் கெலியென் இல்லை” என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கூடப் படிக்கும் சிச்சுவான் பெண்ணிடம் கேட்டேன். “கெலியென் என்றால் இல்லாதவர்மேல் இரக்கப்படுகிற மாதிரி ஆகிவிடும். நீ நினைத்தது ஷின்தெங்” என்றாள். ஷின், நெஞ்சு. தெங், வலி. அடுத்தவர் படும் பாட்டைப் பார்த்து நம் நெஞ்சு வலிப்பது. காசு வீணானாலும் இதே சொல்தானாம். நாம் வயிறு எரிகிறது என்போமே, அந்த இடம். ‘தெ’ சொல்லும்போது மூச்சு வெளியே வர வேண்டும் என்று என் வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தாள். அது ஆடும்வரை விடவில்லை. அப்புறம் ‘தெங்’ என்பதை எழுதிக் காட்டினாள். நோயைக் குறிக்கும் கூரை, அதற்குள்ளே ‘குளிர்காலம்’ என்ற எழுத்து. ஒலிக்காகத்தான் அது அங்கே இருக்கிறது என்றாள். எனக்கு ஆயியின் விரல்கள்தான் தெரிந்தன. ‘பாட்டி என்னைத் தெங்’ என்றால் பாட்டிக்கு என்மேல் கொள்ளைப் பிரியம் என்று பொருளாம். வலிக்கும் பிரியத்துக்கும் ஒரே எழுத்து!

நம் ‘பாவம்’ அப்படிப்பட்டதுதானே. “பாவம், பிள்ளை பசியோடு வந்திருக்கு” என்று அம்மா சொல்லும்போது அதில் இரக்கமா இருக்கிறது?

மறுநாள் சிப்பிக்குள் அடைத்து விற்கும் வெடிப்புக் களிம்பு ஒன்று வாங்கிப் போனேன். தட்டுத்தடுமாறி, “ஆயி, எனக்கு ஷின்தெங்காக இருக்கிறது” என்றேன். அவர் சிப்பியை வாங்கி மேலங்கிப் பையில் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பைச் சுற்றி வந்து, திறந்து கிடந்த என் கோட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, “இப்படியா வெளியே வருவது?” என்று திட்டினார்.