இறக்கி ஏற்றிய இன்ஜின்

கடலூரில் கார் பழுது பார்ப்பவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் பெரிய வேலைகள் வரத் தொடங்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோதும், 2015 இறுதியில் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தபோதும், தண்ணீர் குடித்த வண்டிகள் பட்டறைகளின் வாசலில் வரிசை கட்டி நின்றன. ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீரை, காற்றை அமுக்குவதுபோல் பிஸ்டனால் அமுக்க முடியாது; அந்த இடத்தில் பிஸ்டனைக் கிராங்க் என்னும் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்த ராடு இன்ஜினின் உடலாகிய பிளாக்கையும் உடைத்துவிட்டால், பிரித்து வேலை பார்ப்பதைவிடச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய இன்ஜினை வாங்கி ஏற்றுவதே மலிவு என்ற கணக்குக்கு உரிமையாளரும் மெக்கானிக்கும் வந்து சேர்வார்கள்.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். இன்ஜினை இறக்குவதும் ஏற்றுவதும் என் வேலை அல்ல. ஏற்றி முடித்து, ஒயர்களை இணைக்கும் எல்லாக் கப்ளர்களையும் மாட்டி, சாவியைத் திருப்பினால் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மட்டும் அடிக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்ற நிலையில்தான் வண்டிகள் என்னிடம் வருகின்றன. அப்போது எல்லோருடைய சந்தேகமும் புதிதாக வந்த இன்ஜின் மீதே விழும். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்ற பேச்சும் கூடவே வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாங்கும்போது கையால் சுற்றிப் பார்த்து, சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அளவாகிய கம்ப்ரஷன் பார்த்து எடுத்த இன்ஜின், வேறொரு வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பொருள். வந்த இடத்தில் மாறியவை எர்த், ஒயரிங், சென்சார், பெட்ரோல் குழாய் என்று மனிதக் கை பட்ட இணைப்புகள்தாம். ஆகவே எதைக் கழற்றினார்கள், எதைப் பழைய இன்ஜினிலிருந்து எடுத்துப் புதியதில் மாட்டினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் பானட்டைத் திறப்பதில்லை.

புதுச்சேரிப் பதிவெண் கொண்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றைக் கன்னியக்கோயில் வழியாகக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவருடைய வண்டி அது. அவர் கையில் ஒரு துணிப்பை. அதில் கழற்றிப் போட்ட பழைய பிளக்குகளும் கிராங்கின் சுழற்சியைப் படிக்கும் கிராங்க் சென்சாரும் இருந்தன. பேட்டரியும் புதியது. "எல்லாம் மாத்தியாச்சுங்க, இன்னும் கம்ப்யூட்டர்தான் பாக்கி, அதையும் மாத்திடலாமான்னு கேக்குறாங்க" என்றார். பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் அந்தக் கம்ப்யூட்டரை மாற்றுவதற்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்தது அவருடைய நல்ல காலம். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில் சாவிக்குள் இருக்கும் சில்லும் கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று அறிந்து வைத்திருக்கும். வேறு வண்டியின் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டினால், அது இந்தச் சாவியை ஏற்காமல் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ நிறுத்திவிடும். ஒரு பழுது இருந்த இடத்தில் இரண்டாகிவிடும். இன்ஜினோடு கம்ப்யூட்டரையும் சேர்த்துத் தருகிறோம் என்று கடையில் சொன்னாலும், காரோடு வந்த கம்ப்யூட்டரை விடாதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

இன்ஜினையும் பாடியையும் பேட்டரியின் நெகட்டிவ்வோடு இணைக்கும் எர்த்தை முதலில் பார்ப்பது இந்த ஊருக்கென்று ஏற்பட்ட பழக்கம். கடலூர் முதுநகரிலிருந்து வரும் வண்டிகளில் எர்த் ஒயரின் வளையத்தைக் கழற்றினால், உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்த செம்பும் கையில் உதிரும் துருவும்தான் கிடைக்கும். இன்ஜினை இறக்கும்போது அந்த வளையத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏற்றும்போது சுரண்டாமல் பெயின்ட் மேலேயே போல்ட்டை இறுக்கிவிடுவதும் நடக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்த்தால் கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால், செல்ஃபுக்குப் போகும் கரண்ட் திரும்பி வர வழியில்லாமல் தவிக்கிறது என்று பொருள். எர்த் பட்டையை மாட்ட மறந்த வண்டிகளில் அந்தக் கரண்ட் முழுவதும் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிள் கை வைக்க முடியாதபடி சுட்டதையும் பார்த்திருக்கிறேன். ஆசிரியரின் வண்டியில் எர்த் சுத்தமாக இருந்தது. ஏற்றியவர் கவனமானவர் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பெட்ரோல் பிரஷர் சரியாக இருந்தது. பிளக்குகளில் ஸ்பார்க் நீலமாக விழுந்தது. கம்ப்ரஷன் நான்கிலும் ஏறத்தாழ ஒரே அளவு. இம்மொபிலைசர் விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரில் பழுதுக் குறியீடு எதுவும் இல்லை. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் வேகமும் காட்டியது, ஆகவே கிராங்க் சென்சாரின் சிக்னலும் வந்துகொண்டிருந்தது. ஸ்கேனரை மட்டும் நம்பும் தம்பிகள் இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். பழுதுக் குறியீடு இல்லை என்றால், கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த விஷயங்களில் முரண்பாடு எதையும் காணவில்லை என்று மட்டுமே கொள்ளலாம். வால்வுகளைத் திறக்கும் தண்டின் நிலையைச் சொல்லும் கேம் சென்சார் இந்த இன்ஜினில் கிடையாது. இரண்டிரண்டு சிலிண்டர்களுக்குச் சேர்த்து ஸ்பார்க் கொடுக்கும் அமைப்பு. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல கிராங்க் சென்சார் ஒன்றே உண்டு. அது தவறாகச் சொன்னால் மறுத்துப் பேச வேறு சாட்சி இல்லை.

என் காதில் பட்டது வேறொன்று. செல்ஃப் சீராகச் சுற்றாமல் இடையிடையே எதிலோ முட்டியதுபோல் திக்கியது; ஒருமுறை காற்று உள்ளே போகும் குழாய் வழியாகப் படாரென்று வெடித்தது. கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருந்த காலத்து அம்பாசடர்களில் ஸ்பார்க் விழும் நேரமாகிய டைமிங்கைத் தவறாக வைத்தால் இதே திக்கலும் இதே வெடிப்பும் வரும். அப்போது டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தித் திருப்பினால் வேலை முடிந்தது. இப்போது திருப்புவதற்கு வெளியே எதுவும் இல்லை. பெட்ரோல் உண்டு, ஸ்பார்க் உண்டு, கம்ப்ரஷன் உண்டு என்று மூன்றையும் எண்ணிவிட்டு எழுந்துவிடுகிறவர்கள், ஸ்பார்க் எந்த நேரத்தில் வருகிறது என்ற நான்காவது கேள்வியைக் கேட்பதில்லை. ஸ்பார்க் விழும் கணத்தில் மின்னிக் காட்டும் டைமிங் லைட் மூலையில் தூசி படிந்து கிடந்தது; அதை எடுத்துத் துடைத்தேன். கிராங்க் புல்லியில் உள்ள மார்க்கைச் சாக்பீஸால் வெள்ளையாக்கி, முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் கவ்வியை மாட்டிச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலையாகிய டாப்புக்கு நாலைந்து பாகை முன்னால் தெரிய வேண்டிய வெள்ளைக் கோடு, வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு முன்கூட்டியே மின்னியது. பிஸ்டன் மேலே ஏறி வருவதற்குள் பற்றவைத்தால் அது பின்னோக்கித் தள்ளப்படாமல் என்ன செய்யும்?

ஆறில் ஒரு பங்கு என்றால் 60 பாகை. கிராங்கின் முனையில் இருக்கும் கனமான சக்கரமாகிய ஃப்ளைவீலை அந்த இன்ஜினில் பிடித்திருப்பவை ஆறு போல்ட்டுகள். ஏற்றியவரைப் போனில் அழைத்து, ஃப்ளைவீலைக் கழற்றினீர்களா என்று கேட்டேன். வந்த இன்ஜினின் ஃப்ளைவீலில் செல்ஃப் கடித்துச் சுற்றும் ரிங் கியரின் பற்கள் தேய்ந்திருந்ததால் பழைய இன்ஜினின் ஃப்ளைவீலை எடுத்து மாட்டியதாகச் சொன்னார். அது நியாயமான வேலைதான். ஆனால் கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள் அந்த ஃப்ளைவீலின் விளிம்பில்தான் இருக்கின்றன: 60 பற்களுக்கான இடத்தில் 58 பற்களும் இரண்டு பல் அளவுக்கு ஓர் இடைவெளியும். அந்த இடைவெளியைக் கண்டுதான் கம்ப்யூட்டர் முதல் பிஸ்டனின் இடத்தைக் கணக்கிடும். ஒரு பல்லுக்கு 6 பாகை. ஒரு போல்ட் துளை தள்ளினால் பத்துப் பற்கள்.

கியர் பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன் உறுதி செய்துகொள்ள விரும்பினேன். அது பாதி நாள் கூலி. சென்சாரைக் கழற்றி, அதன் துளைக்குள் டார்ச் அடித்து, முதல் பிஸ்டனை டாப்பில் நிறுத்தி, அங்கிருந்து இடைவெளி வரை கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றிப் பற்களை எண்ணினேன். இதே மாதிரி கார் ஒன்று வேறு வேலைக்காகப் பட்டறையில் நின்றதால் அதிலும் எண்ணிப் பார்க்க முடிந்தது. வித்தியாசம் சரியாகப் பத்துப் பற்கள்.

ஏற்றியவரையும் வரச் சொல்லிக் கியர் பாக்ஸை இறக்கினோம். ஃப்ளைவீல் ஒரே நிலையில்தான் உட்கார வேண்டும் என்பதற்காகக் கிராங்கின் முகத்தில் ஒரு சிறிய டவல் பின் இருக்கும். வந்த இன்ஜினில் அந்தப் பின்னை எவரோ எப்போதோ பிடுங்கியிருந்தார்கள். பின் இருந்தால் தவறான துளையில் ஏறவே ஏறாது. பின் இல்லாததால் ஆறு நிலையிலும் ஏறியது. ஃப்ளைவீலில் பின்னுக்கான துளை வழியாகப் பார்த்தால் கிராங்கின் துளை தெரிய வேண்டிய இடத்தில் வழவழப்பான இரும்பு தெரிந்தது. "பின் இல்லாம எப்படிண்ணே தெரியும்?" என்று அவர் கேட்டதில் தவறில்லை; கிராங்கில் இருந்த துளை முழுவதும் கெட்டிப்பட்ட கிரீஸ் அடைத்துக் கிடந்தது. பழைய இன்ஜினின் கிராங்கிலிருந்து பின்னைத் தட்டி எடுத்து இங்கே வைத்து, ஃப்ளைவீலை மாட்டினோம். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக டார்க் ரெஞ்சால் இறுக்கினார். மறுபடி ஏற்றியதும் ஓரிரு சுற்றிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

கூலியில் யார் எவ்வளவு ஏற்பது என்று அவர்கள் இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள். துணிப்பையில் இருந்த பழைய கிராங்க் சென்சார் நல்லதாகவே இருந்ததால், அதை வண்டியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆசிரியருக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. பிளாக் மாறியதால் இன்ஜின் எண்ணும் மாறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன்படி அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும், இல்லையென்றால் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் வண்டியை விற்கும்போதும் எண் பொருந்தாமல் நிற்கும். புதுப்பேட்டைக் கடையின் ரசீதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, பதிவு புதுச்சேரியில் இருப்பதால் அங்குள்ள போக்குவரத்துத் துறை அலுவலகத்துக்கே போகும்படி சொல்லி அனுப்பினேன்.