பிரஷர் மாத்திரை வாசலுக்கு வருகிறது

கோத்தகிரி பக்கம் ஒரு லைன் வீட்டு வாசலில், அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் அக்கா, பாட்டிக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பாட்டியின் மகன் சுவரையே பார்த்தபடி. ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம். தட்டில் உப்புமா காய்ந்துகிடந்தது.

"இவனுக்கும் ஏதாச்சும் பாரும்மா."

"ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க பாட்டி." அக்காவால் வேறென்ன சொல்ல முடியும்?

அந்த நிலையில் இருப்பவரை பஸ்ஸில் எப்படி ஏற்றுவது? ஒருநாள் கூலியும் போகும்.

வீட்டிலேயே மறுவாழ்வுச் சேவை, குடும்பத்துக்குத் துணை எல்லாம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ எழுதிக் கொடுத்தேன், எந்நேரமும் பேசலாம். ஆனால் பக்கத்தில் வந்து உட்கார ஆள் வேண்டுமே.

2021-லிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வருகிற அதே வழியில் மனநலப் பணியாளரும் வரட்டும். நிரந்தரச் சம்பளத்தோடு, வருஷா வருஷம் பட்ஜெட்டில் தனி ஒதுக்கீட்டோடு.