முதல் நகர்த்தல் ஏ3

ஜூன் 3, 2025, செவ்வாய்

கொஞ்ச நாளாக செஸ்ஸில் வெள்ளைக் காய் கிடைத்தால் ஏ3 என்றுதான் தொடங்குகிறேன். (எழுத்து ஏ முதல் எச் வரை இடமிருந்து வலம், எண் 1 முதல் 8 வரை வெள்ளையின் பக்கத்திலிருந்து.) ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுவது, அவ்வளவுதான். எதிரே இருப்பவர் முதலில் பலகையைப் பார்க்கிறார், அப்புறம் என் முகத்தைப் பார்க்கிறார். கிளப்புக்கு வரும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மட்டும் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்: "ஏம்ப்பா, வெள்ளையை வாங்கிட்டு கறுப்பா ஆடுற?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்" என்றேன்.

நடுப்பலகையில் யார் முதலில் கால் வைப்பது என்பதைக் கறுப்பிடம் விட்டுவிடுகிறேன். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு, கறுப்புக்குரிய ஓப்பனிங் (தொடக்க நகர்த்தல்களின் வரிசை) ஒன்றை நான் ஆடலாம். என் கையில் ஏ3 உபரியாக இருக்கும். அந்த உபரிக்கு வேலை கிடைக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில ஓப்பனிங்கில் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது. கம்ப்யூட்டர் இதை ஏறக்குறைய சமம் என்கிறது. வெள்ளைக்கு வழக்கமாக இருக்கும் சின்ன அனுகூலம் போய்விடுகிறது, ஆனால் நிலை கெட்டுப்போவதில்லை.

ஜூன் 5, வியாழன்

இன்று வாத்தியாருக்குப் பலகையில் வைத்தே காட்டினேன். ஏ3-க்கு அவர் இ5 என்றால் நான் சி4. இது சிசிலியன்தான் (இ4-க்குக் கறுப்பு சி5 போடும் ஓப்பனிங்), நிறம் மட்டும் மாறியிருக்கிறது. நைடார்ஃப், கான், தைமனோவ் என்று சிசிலியனின் பல கிளைகளில் கறுப்பு எப்படியும் ஒரு கட்டத்தில் ஏ6 போடத்தான் போகிறது. நான் அதை முன்கூட்டியே போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

அதன் பலன் சில நகர்த்தல்கள் கழித்துத் தெரியும். கறுப்பு டி5 தள்ளி, நான் வெட்டி, அவர் குதிரையால் திருப்பி வெட்டுகிறார் என்று வையுங்கள். டி5-இல் நிற்கும் அந்தக் குதிரைக்கு பி4 நல்ல கட்டம், அங்கிருந்து சி2-வைக் குத்தும். இங்கே ஏ3 சிப்பாய் அந்தக் கட்டத்தைக் காவல் காக்கிறது. என் ராணி சி2-வில் நிம்மதியாக நிற்கலாம். கறுப்பு பிஷப்பும் பி4-க்கு வந்து என் குதிரையைக் கட்டிப்போட முடியாது. கொஞ்சம் பொறுத்து பி4 தள்ளி, பிஷப்பை பி2-வில் வைத்தால் இ5 சிப்பாய்க்கு நெருக்கடிதான்.

வாத்தியார் யோசிக்கவே இல்லை. டக்கென்று ஏ5 போட்டார். "இப்ப பி4 எப்படிப் போடுவ?" நியாயமான கேள்வி. ஏ3 போனதால் பி3 கட்டம் ஏற்கெனவே லேசாகப் பலவீனம், ஏ5 அதை அப்படியே அமுக்கிப் பிடிக்கிறது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை பி5 கட்டம். அதைக் காக்க இனி ஏ சிப்பாய் இல்லை. என் குதிரையோ பிஷப்போ அங்கே குடியேறலாம். அப்புறம் ஆட்டம் முழுக்க அந்த ஒரு கட்டத்தைச் சுற்றியே ஓடியது.

ஜூன் 8, ஞாயிறு

இந்த ஓப்பனிங்குக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் வீரர் அடால்ஃப் ஆண்டர்சன் பெயர்தான். அவரும் கணக்கு வாத்தியார், பிரெஸ்லாவில். நம்ம வாத்தியாருக்கு அதைச் சொன்னதும் ஏ3 மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டது!

1858 டிசம்பரில் பாரிஸில் அமெரிக்க வீரர் பால் மார்ஃபியோடு அவர் ஆடிய போட்டி. மார்ஃபி 7, ஆண்டர்சன் 2, டிரா 2. பார்த்தால் ஒருதலைப்பட்சமான தோல்வி. ஆனால் ஏ3 என்று தொடங்கிய மூன்று ஆட்டங்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்: ஒரு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. அவருடைய மொத்த வெற்றிகளில் பாதியும் டிராக்களில் பாதியும் அந்த மூன்றிலிருந்தே வந்தவை. அந்த வெற்றி நீண்ட, பொறுமையான ஆட்டம். வேறொரு புகழ்பெற்ற ஆட்டத்தில் ராணியையும் இரண்டு யானைகளையும் தூக்கிக் கொடுத்து மேட் வைத்த அதே மனிதர்தான் இங்கே ஓரத்தில் ஒரு கட்டம் நகர்த்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். திறந்த ஆட்டத்தில் மார்ஃபியின் வேகத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இது மேல் என்று கணக்குப் போட்டிருப்பார் என்பது என் ஊகம். மூன்று ஆட்டங்களை வைத்து ஒரு ஓப்பனிங்கை எடைபோட முடியாது என்பதும் தெரியும்.

ஜூன் 14, சனி

ரேபிட் போட்டி, அதாவது குறைந்த நேரத்தில் ஆடி முடிப்பது. எதிரில் பத்தாவது படிக்கும் பையன். கோச் கொடுத்த வரிசைகளைப் பதினைந்து நகர்த்தல் வரை மனப்பாடமாக வைத்திருக்கும் தலைமுறை. இ4 போட்டிருந்தால் நான் யோசிப்பதற்குள் அவன் பாதி ஆட்டத்தை முடித்திருப்பான். ஏ3 பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டான். முதல் நகர்த்தலுக்கே நாலைந்து நிமிஷம் கிளாக் ஓடியது.

டி5 என்றான். நான் டி4, அவன் சி5, நான் சி3. இது ஸ்லாவ் தற்காப்பு (டி4, சி4-க்குக் கறுப்பு டி5, சி6 போடுவது), நிறம் மாற்றி. ஸ்லாவில் ஏ6 போடுவதைத் தனி முறையாகவே வளர்த்தவர் மால்டோவாவின் வியாசெஸ்லாவ் செபனென்கோ. அந்த முறை எனக்கு ஒரு நகர்த்தல் உபரியோடு கிடைத்தது. சி5-ஐ வெட்டியதும் பி4 வந்துவிடக் கூடாது என்று பையன் ஏ5 போட்டான், அப்புறம் இ6 போட்டுச் சிப்பாயைத் திரும்ப எடுத்துக்கொண்டான். என் பிஷப் பி5-இல் போய் உட்கார்ந்தது. வழக்கமாக அதை விரட்ட ஏ6 போதும். ஆனால் அந்தச் சிப்பாய்தான் ஏற்கெனவே ஏ5 போய்விட்டதே. டிரா. தம்பி எழுந்ததும், "அங்கிள், இதுக்குப் பேர் இருக்கா?" என்றான்.

ஜூன் 19, வியாழன்

இதையே கறுப்பிலிருந்து செய்தவர் இங்கிலாந்து வீரர் டோனி மைல்ஸ். 1980, ஸ்வீடனில் ஸ்காரா, ஐரோப்பிய அணிகள் போட்டி. எதிரில் அன்றைய உலக சாம்பியன் கார்போவ். இ4-க்கு மைல்ஸின் பதில் ஏ6, அடுத்து பி5. அரங்கில் சிரிப்பு. மைல்ஸ் ஜெயித்தார். ஏ6 நல்ல நகர்த்தல் என்பதற்கு இதைச் சாட்சியாக இழுக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கறுப்புக்கு அது ஒரு நகர்த்தலைத் தாரை வார்ப்பது. மைல்ஸ் நன்றாக ஆடினார், அதனால் ஜெயித்தார். அதே ஓரச் சிப்பாயை வெள்ளையில் தள்ளினால் சமநிலையாவது கையில் நிற்கிறது.

1970-இல் ஸீகன் நகரில் உல்ஃப் ஆண்டர்சனுக்கு எதிராக ஃபிஷர் ஆடியதையும் இந்த வரிசையில் வைப்பேன். பி3 என்று தொடங்கி, ஐந்தாவது நகர்த்தலில் ஏ3. எல்லாம் மூன்று வரிசைக்குள் அடங்கிய காய்கள். அப்புறம் ராஜா எச்1, யானை ஜி1, ஜி4. அமைதியாக அடுக்கி வைத்தது எல்லாம் தாக்குதலுக்கான ஏற்பாடு என்று அப்போதுதான் தெரிகிறது.

ஜூன் 22, ஞாயிறு

வாத்தியார் இன்று ஜி6 போட்டார், பிஷப் ஜி7-க்கு. பி4-க்கு வர அவருக்குக் காயே இல்லை. ஏ3 எதைக் காக்கிறது? ஒன்றையும் இல்லை. இங்கே இ4, டி4 என்று மையத்தைப் பிடித்து, ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்து ராஜாவை அங்கே ஒதுக்கினால் இன்னும் மோசம். கறுப்பு பி5, பி4 என்று வரும்போது ஏ3 சிப்பாய்தான் அவருக்குப் பிடிமானம், வரிசை திறந்துவிடும். மாறாக சி4, குதிரை சி3, யானை பி1, பி4 என்று போனால் ஏ3 அந்தத் திட்டத்தில் எப்படியும் இருக்க வேண்டிய நகர்த்தல்.

குதிரை எஃப்6, இ6, பி6 என்று கறுப்பு அடுக்கினால் எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம். டி4, சி4, குதிரை எஃப்3 போட்டால் குவீன்ஸ் இண்டியன் என்ற ஓப்பனிங்கில் பெட்ரோசியன் முறை வந்துவிடும். அதில் வெள்ளை நாலாவது நகர்த்தலாக ஏ3 போடும். காஸ்பரோவ் இளவயதில் அதை வைத்து நிறைய ஜெயித்திருக்கிறார். வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். "அப்ப நான் பி6 பக்கமே வரமாட்டேன்" என்று காய்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.